மச்சானின் சோத்தாங்கை

2004-ஆம் வருடம், ஜூன் மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்காலம் தொடங்கியிருந்த நேரம். சின்னமனூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. கர்நாடகாவில் ஒரு தனியார் கல்லூரி. முதல் தவணைப் பணத்தை டிடி எடுத்து ஜூலை பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் இடம் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள்.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னுமாடா ஒம் படிப்பு முடியல?" என்றார். தொகையைச் சொன்னதும் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டார். நானோ அவசரக்குடுக்கை. லீவில் வீட்டுக்கு வந்திருந்தவன், கடிதம் வந்த அன்றே மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேலைக்கு ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டேன். பேங்க் கடன் கொடுக்காமல் போகுமா என்கிற தைரியம்தான்.

சின்னமனூரில் ஏறி இறங்கிய இரண்டு பேங்கிலும் கொடுக்கவில்லை. "அது என்ன படிப்பு, பிசியோவா?" என்று கேட்பார்கள். அதற்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தேன். "பிசியோதெரபி கையைத் தூக்க வைக்கும் சார். நாங்க அந்தக் கையால சட்டைப் பட்டன் போட வைப்போம், தலை சீவ வைப்போம்." சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். கேட்பவர்கள் மட்டும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாவதாகக் கம்பத்தில் ஒரு பேங்குக்குப் போனேன். மேனேஜர் புதிதாக மாற்றலாகி வந்தவர். என் வசனத்தைப் பொறுமையாக முழுவதும் கேட்டார். அரைமணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில், "நல்ல படிப்பாத்தான் தெரியுது. நிலம் உள்ளவங்க யாராவது ஜாமீன் போடுவாங்களா?" என்றார். எங்கள் மச்சானைச் சொன்னேன். என் அக்காவின் கணவர். சுருளிப்பட்டியில் மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம் அவர் பெயரில் இருந்தது, கணக்கும் அதே பேங்கில்தான். "ரொம்ப நல்லது. ஆபீஸ்ல ஆடிட் நடக்குது. ஜூலை அஞ்சாம் தேதி அவரை நேர்ல கூட்டிட்டு வாங்க. என் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும். எங்ககிட்ட இருக்கிற பழைய கையெழுத்தோட ஒத்துப் போகணும்" என்றார்.

சிக்கலே அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. மச்சானுக்குப் பங்குனி மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. கால் ஓரளவு தேறி, இழுத்து இழுத்து நடந்தார். கை தேறவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தன. இதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. சொன்னால் நோயாளி ஜாமீன் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்திரையில் நான் ஊருக்கு வந்தபோதே அக்கா என்னிடம் கேட்டாள். "தம்பி, அவுகளுக்குச் சோத்தாங்கை வரவே மாட்டேங்குதுடா. சாப்புடக்கூட முடியல. நீ இதத்தான படிச்ச? கொஞ்சம் என்னான்னு பாரேன்." அன்று மதியம் மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு. பஸ் ஸ்டாண்டில் ஒரு ரப்பர் பந்து வாங்கி, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பி, அதை அமுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அப்படி இறுகி மடங்கிய கைக்குப் பந்தைக் கொடுத்தால் இன்னும்தான் இறுகும். எங்கள் படிப்பில் இரண்டாம் வருஷப் பையனுக்கே இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

பேங்கிலிருந்து நேரே சுருளிப்பட்டிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மச்சான் யோசிக்கவே இல்லை. "தாராளமாப் போடுறேன் மாப்ள. இந்தக் கைதான் போடுமான்னு தெரியல" என்று சிரித்தார். "பதினோரு நாள் இருக்கு மச்சான், நான் பழக்கிவிடுறேன்" என்றேன். அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது.

"ஓ, கையெழுத்துன்னதும் தொரைக்கு வைத்தியம் ஞாபகத்துக்கு வந்துருச்சாக்கும்!"

அசடு வழிந்தேன். மறுநாளிலிருந்து தினமும் காலை முதல் பஸ்ஸில் சின்னமனூரில் ஏறிச் சுருளிப்பட்டியில் இறங்குவேன். அந்த ரப்பர் பந்து சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது. தினமும் நூறு தடவை அமுக்கியதாகப் பெருமையாகச் சொன்னார் மச்சான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெதுவெதுப்பான நீரில் கையை ஊறவைத்து, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவேன். தாம்பாளத்தில் மணலைப் பரப்பிப் பெரிதாகக் கோடு இழுக்கச் சொல்வேன். பிறகு சிலேட்டு. பிறகு நோட்டு. பேனாவைப் பிடிக்க வாகாக இருக்க, அப்பா கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை வெட்டி எடுத்து வந்து அதன்மேல் சுற்றினேன். மச்சான் பெயர் நான்கே எழுத்து. கீழே ஒரு கோடு, கோட்டின் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளைக்கூட நான் விடவில்லை. "பழைய கையெழுத்துல இருக்கே மச்சான்" என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். சில நேரம் கோபம் வந்து நோட்டைத் தள்ளிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து அவரே இழுத்து வைத்துக்கொள்வார்.

மதியம் அக்கா சாப்பாடு போடுவாள். மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுவார். நான்கு மாதமாக அவர் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை என்றும், ஆவணியில் உத்தமபாளையத்தில் நடக்கப்போகிற தன் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கும் வர மாட்டேன் என்கிறார் என்றும் அக்கா சொன்னாள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். என் மனசு முழுக்க ஜூலை ஐந்தாம் தேதிதான் இருந்தது. டிடி எடுத்து அனுப்பிவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் கையெழுத்து வந்துவிட்டது. பழைய பாஸ்புத்தகத்தில் இருந்ததோடு வைத்துப் பார்த்தோம். இரண்டுக்கும் அண்ணன் தம்பி சாயல் இருந்தது. அது போதும் என்று தோன்றியது.

ஐந்தாம் தேதி மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பட்டனெல்லாம் அக்கா போட்டுவிட்டது. பேங்கில் மேனேஜர் பத்திரத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டுக் கொடுத்தார். மச்சான் என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். டியூப் சுற்றிய எங்கள் பேனாதான். முதல் எழுத்தில் பாதிகூட வரவில்லை, விரல்கள் வெடுக்கென்று இறுகிவிட்டன. பதற்றம் வந்தால் அந்த மாதிரிக் கை இறுகும். வீட்டில் அத்தனை நாளும் பதற்றமில்லாமல் எழுதினார், பேங்கில் பதற்றம் வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், கையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார், தோட்டத்துல பந்தல் கம்பி பட்டு..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"நீ சும்மா இரு மாப்ள" என்றார் மச்சான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். "பக்கவாதம் சார். பங்குனியில வந்துச்சு. கால் தேறிருச்சு, கைதான் இன்னும் தேறல. தோட்டம் எம் பேருலதான் இருக்கு, புத்தியும் தெளிவாத்தான் இருக்கு. இந்தக் கையெழுத்துக்காகத்தான் பத்து நாளா இவன் வந்து பழக்கிவிட்டான்."

என் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் முடிந்தது, வேலையும் போச்சு, படிப்பும் போச்சு என்று நினைத்தேன். மேனேஜர் மச்சான் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. எழுத முடியாதவங்ககிட்ட ரேகை வாங்க வழி இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு, ரெண்டு சாட்சி, அவ்வளவுதான்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். "கை விழுந்தவங்களைப் பத்தி என்கிட்ட அரைமணி நேரம் பேசினீங்க. வீட்லயே ஒருத்தர் இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அவர் மை டப்பாவை எடுக்க மணியடித்தார். மச்சான்தான் தடுத்தார். "இருங்க சார். இத்தன நாளு எழுதிட்டு ரேகைய வச்சுட்டுப் போனா, வீட்டுல என்னைய வச்சுச் சிரிப்பாக. கொஞ்சம் தண்ணி குடுங்க, போட்டுருறேன்."

அந்த நிமிஷத்தில்தான் நான் ஜாமீன் தேடி வந்தவனாக இல்லாமல் படித்த படிப்புக்கு உரியவனாக நடந்துகொண்டேன். நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவர் முழங்கையை மேஜை மேல் நன்றாக ஊன்றி வைத்தேன். கட்டைவிரலிலிருந்து மெதுவாகப் பிரித்து, கை தளர்கிறவரை காத்திருந்தேன். கவுண்ட்டர் வரிசையில் நின்றவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிஷமாவது ஆகியிருக்கும். நான்கு எழுத்தும் வந்தன, கோடும் வந்தது. ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போயிற்று. பழைய கையெழுத்தோடு அது ஒத்தே போகவில்லை. மேனேஜர் ஒரு புது அட்டையை எடுத்து, அதிலும் ஒன்று போடச் சொன்னார். "இனிமே இதுதான் சார் உங்க கையெழுத்து" என்றார். பக்கத்தில் ரேகையும் வாங்கிக்கொண்டார். சர்டிபிகேட்டை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தால் மற்றதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது. "வாங்க மச்சான், பிரியாணி சாப்பிடுவோம்" என்று அவரைப் பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நல்ல கூட்டம். மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு டீ மட்டும் போதும்" என்றார். நான் வற்புறுத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ள, கையெழுத்து நான் வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் போடப்போறேன். சோறு மூணு வேளையும் திங்கணும்ல? ஒங்கக்கா மொத நாளே அதத்தான ஒங்கிட்ட கேட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. டீயை இடது கையால் எடுத்து ஊதிக் குடித்தார். நானும் டீயே சொன்னேன். அவரைப் பார்க்காமல் குடித்து முடித்தேன்.

கடன் பாஸானது. எட்டாம் தேதி டிடியைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. கல்லூரிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல அதே முதல் பஸ்ஸில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் அக்கா, "இன்னும் எங்கடா கையெழுத்து வேணும்?" என்றாள். "சாப்பாட்டுத் தட்டை எடு" என்றேன்.

கல்லூரி திறக்க மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. தட்டில் பொரியைக் கொட்டிப் பொறுக்குவதில் ஆரம்பித்தோம். பிறகு இட்லித் துண்டு. சோறுதான் கடைசி. பிசைந்து, ஐந்து விரலையும் கூட்டி அள்ளி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிற வேலையில் எத்தனை அசைவு இருக்கிறது என்று நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன். அது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். நான் கிளம்புகிற அன்று மச்சான் சுவரைப் பார்த்து உட்காராமல் எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். நாலு கவளம் தானாகச் சாப்பிட்டார், மிச்சத்துக்கு ஸ்பூன்.

ஆவணியில் ஒரு நாள் மாலை ஹாஸ்டலுக்கு எனக்குப் போன் வந்தது. அக்காதான். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"தம்பி, மச்சான் இன்னைக்குப் பந்தியில ஒக்காந்து சாப்புட்டாகடா. சோத்தாங்கையால! பாதி எலைக்கு வெளியதான் கெடந்துச்சு. ஆனா ரசத்துக்கும் சோறு கேட்டு வாங்குனாக."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். டிடி வாங்கிய அன்று வந்த நிம்மதியைவிட இது பெரிது. அன்றைக்கு எனக்கு ஒரு கண்டம் தப்பியது மாதிரி இருந்தது. இன்றைக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரமே இறங்கியது.

கடனை ஆறு வருஷத்தில் கட்டி முடித்தேன். மச்சான் இன்னும் ஒரு புள்ளி இல்லாத அந்தக் கையெழுத்தைத்தான் போடுகிறார். புதிதாக ஒருவர் மடங்கிய கையோடு என் முன்னால் வந்து உட்காரும்போதெல்லாம், இந்தக் கையால் முதலில் என்ன செய்ய ஆசை என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். ஒரு தடவை எனக்கு வேண்டியதை மட்டும் ஒரு கைக்குப் பழக்கிவிட்டு, அந்தக் கைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ குடித்தவன் நான்.