இடப்பக்கப் பின்கதவு

ஓசூரில் ஞாயிறுதோறும் கூடி, ஜப்பான் கார்களைச் சின்னஞ்சிறு மாதிரிகளாக ஒட்டிச் செய்யும் எங்கள் கூட்டத்தில் குருவும் ஒருவர். கம்பெனிச் சட்டை, படிய வாரிய நரைமுடி, அவசரமே அறியாத விரல்கள். பெட்டியில் வரும் காரில் கதவு தனியாக இராது. உடலோடு சேர்ந்த வெறும் கோடுதான். அவர் மட்டும் ஒவ்வொரு காரிலும் இடப்பக்கப் பின்கதவைப் பிளேடால் அறுத்தெடுத்து, திறந்தபடி ஒட்டுவார்.

"என்ன குரு, இதையும் தொறந்தே போட்டுட்டீங்க? ஓசூர் குளிரு உள்ள பூந்துடாதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"சானமாவு காட்டுகிட்ட எங்க காரு கவுந்துச்சுங்க. பாப்பா பின்சீட்டுல இருந்தா. வெளிய நின்னு இந்தக் கதவத்தான் இழுத்தேன், இழுத்தேன், வரவே இல்ல. அதுக்குள்ள தீ புடிச்சிருச்சு."

பிளேடில் ஒட்டிய தூளை ஊதினார்.

"இதுல அறுத்தா தொறந்துக்குதுங்க."

அவர் அடுத்த பெட்டியைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, அந்தக் கதவின் கோட்டைத் தேட ஆரம்பித்தார்.

நான் அன்று செய்து முடித்த வெள்ளைக் கார் என் முன்னால் இருந்தது. அதன் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன.