பத்தாவது பொத்தான்

வாரத்தில் ஆறு நாள் வேதவல்லி செகந்திராபாத்தை அடுத்த மல்லாபூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓர் உலகத்தையே நடத்துகிறவள். "நாப்பத்தோரு வயசுல என்ன விளையாட்டு?" என்று யாராவது கேட்டால், "நல்ல விளையாட்டு, வந்து பாருங்க" என்பாள். அப்படி வந்து பார்த்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஆட்டம் நடப்பது மாரெட்பள்ளியில், அவளுடைய பள்ளித்தோழி ஆக்னஸின் தையல் கடையில். துணி வெட்டும் மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டால் சுற்றி நான்கு பேர் உட்காரலாம். வேதவல்லி சூழலைச் சொல்வாள்: பாறைகளுக்கு நடுவே ஒரு பாழடைந்த நகரம், அதன் மையத்தில் ஏழு அடுக்குப் படிக்கிணறு, கிணற்றுக்கடியில் தூங்கும் பெயரில்லாத ஒன்று. மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

ஆக்னஸ் கேடயம் ஏந்தும் வீராங்கனை. லாலாகுடா ரயில்வே பணிமனையில் வெல்டராக இருக்கும் சாய்குமார், முன்னால் போய் வழி பார்க்கும் வேவுக்காரன். கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த கணேஷ்குமார் மந்திரவாதி.

சிக்கல் அந்த மந்திரவாதியிடம் தொடங்கியது. பூட்டிய கதவா, ஒரு மந்திரம். பள்ளமா, பறந்துவிடலாம். ஓநாய்க் கூட்டமா, நெருப்பு. கணேஷ்குமார் தவறாக எதுவும் செய்யவில்லை. விதிப்புத்தகம் அவனுக்குக் கொடுத்ததைத்தான் பயன்படுத்தினான். ஆனால் மூன்று மாதமாக ஆக்னஸின் வாள் உறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு ஞாயிறு அவள் ஆட்டத்துக்கு நடுவிலேயே ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் வேதவல்லி.

"எப்படியும் கணேஷ் முடிச்சிடுவான். எனக்கு நாளைக்கு டெலிவரி இருக்கு."

வேதவல்லிக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, நெருப்புக்கு அஞ்சாத ஒரு கல்யானையை உருவாக்கினாள். அடுத்த ஞாயிறு அது இருட்டிலிருந்து பாய்ந்தது. முன்னால் போனவன் சாய்குமாரின் வேவுக்காரன். ஒரே அடி, ஆள் காலி. மந்திரவாதி பறந்து தப்பித்தான்.

இரண்டு வருடம் வளர்த்த பாத்திரம். சாய்குமார் அதன் விவரங்களை எழுதி வைத்திருந்த தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கைக்கு அக்கா? ஏன்? நான் என்ன தப்பு பண்ணினேன்? ஒரு சத்தம்கூட கேக்கலையே எனக்கு" என்றான். பதிலுக்குக் காத்திராமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மந்திரவாதியை மிரட்டுவதற்காகச் செய்த மிருகம், மந்திரமே இல்லாதவனைக் கொன்றுவிட்டது. சரி, மந்திரத்தைக் குறைப்போம் என்று நாளுக்கு இரண்டு மந்திரம்தான் என வேதவல்லி விதி போட்டாள். கணேஷ்குமார் மறுநாளே போன் செய்தான்.

"மந்திரவாதின்னு பேரு குடுத்துட்டு கையக் கட்டிப்போட்டா எப்படீங்க அக்கா? மூணாவது கதவு வந்தா நான் சும்மா நின்னு வேடிக்கை பாக்கறதுங்களா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் அந்த விதியை அப்போதே கிழித்துப்போட்டாள்.

விடை கிடைத்தது தொழிற்சாலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கலவைத் தொட்டியருகே இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மருந்தை ஊற்றுகிறார். இன்னொருவர் குளிர்நீர்க் குழாயில் கை வைத்து நிற்கிறார். இருவர் கண்ணும் வெப்ப அளவுமானியின் சிவப்புக் கோட்டில். முள் கோட்டை நெருங்கும்வரை ஊற்றுகிறவர் தயங்கவே இல்லை. நெருங்கியதும் "விடு" என்றார், மற்றவர் நீரைத் திறந்தார், முள் இறங்கியது, மறுபடி ஊற்றினார். பதினெட்டு வருடமாகப் பார்த்த வேலை. அன்றைக்குத்தான் அதைப் பாதுகாப்பு அதிகாரியாக அல்லாமல் கதை சொல்பவளாகப் பார்த்தாள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் மனிதன் பயந்து ஒதுங்குவதில்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடுகிறான். அப்படிக் கணக்குப் போட, பக்கத்தில் இன்னொருவர் தேவைப்படுகிறார்.

அவளுடைய கல்யானைக்கு அளவுமானி இல்லை. கணேஷின் மந்திரத்துக்கும் இல்லை.

அன்று மாலை ஷிப்ட் விடும் நேரத்துக்கு லாலாகுடா பணிமனை வாசலில் போய் நின்றாள். சைக்கிள்களுக்கு நடுவே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த சாய்குமார் அவளைப் பார்த்து நின்றான்.

"உன் ஆளைக் கொன்னது பகடை இல்ல சாய். நான்தான். எச்சரிக்கையே குடுக்காம அடிச்சேன். அது என் தப்பு."

"நாக்கு தெலுசு அக்கா. தெரியும் எனக்கு. அதான் கோபம்."

"அவனை உயிரோட கொண்டுவர மாட்டேன். அப்படிப் பண்ணா அப்புறம் எந்தச் சாவுக்கும் மதிப்பிருக்காது. ஆனா ஒரு புது விதி வச்சிருக்கேன். வந்து பாரு. பிடிக்கலன்னா நக்கோ, வேணாம்னு சொல்லிட்டுப் போயிடு."

அவன் பைக்குக்கு ஸ்டாண்ட் போட்டான். "புதுசா ஒருத்தி வேணும். செத்தவனோட தங்கச்சி. அவளுக்குப் பாடத் தெரியும்."

ஞாயிறன்று மேஜை நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். பக்கத்தில் ஆக்னஸின் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்புப் பொத்தான்கள்.

"கணேஷ், எவ்வளவு வேணும்னாலும் மந்திரம் போடு. தடையே இல்ல. ஆனா ஒவ்வொரு மந்திரத்துக்கும் கிணத்துக்கடியில தூங்கறது ஒருதரம் புரளும். கிண்ணத்துல ஒரு பொத்தான் விழும். அப்புறம் பகடையை உருட்டணும். பொத்தான் எண்ணிக்கையோ அதுக்குக் கீழயோ விழுந்தா, அது முழிச்சுக்கிட்டு உன்மேல கை வைக்கும்."

"எறக்க வழியில்லைங்களா?"

"இருக்கு. உன்னால முடியாது. சாயோட பொண்ணு ஒரு சுற்று முழுக்க நின்னு பாடினா ஒரு பொத்தான் குறையும். உன்மேல வர்ற அடியை ஆக்னஸ் குறுக்க வந்து வாங்கலாம்."

ஆக்னஸ் கையிலிருந்த ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

மூன்றாம் அடுக்கில் நான்கு பொத்தான். கணேஷ் தைரியமாகவே போட்டான். ஐந்தாம் அடுக்கில் எட்டு. இப்போது மூவரும் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். கதவை ஆக்னஸ் தோளால் இடித்துத் திறந்தாள், மந்திரத்தை மிச்சம் பிடிக்க. செத்த வேவுக்காரனின் தங்கை பாடினாள், ஏழானது. வௌவால் கூட்டம் வந்தது, நெருப்பு இரண்டு முறை, ஒன்பதானது. அதுவரை பகடை ஒவ்வொரு முறையும் எண்ணிக்கைக்கு மேலேயே விழுந்து காப்பாற்றியது. ஆறாம் அடுக்கில் படி உடைந்து, பாடுகிறவள் ஒரு கயிற்றில் தொங்கினாள். கயிறு பிரிந்துகொண்டிருப்பதை வேதவல்லி இழை இழையாகச் சொன்னாள். கீழே நீர் அசையும் சத்தத்தையும் சொன்னாள்.

"மந்திரம் போட்டா பத்து. பாதிக்குப் பாதி" என்றான் கணேஷ்.

"போடாட்டி நான் விழுவேன்" என்றான் சாய்.

"நீ மந்திரத்தைச் சொல்லு" என்றாள் ஆக்னஸ். "வர்றதை நான் கேடயத்துல வாங்கிக்கறேன்."

கணேஷ் பத்தாவது பொத்தானைப் போட்டான். பகடை மேஜை விளிம்புவரை உருண்டு போய் நின்றது. ஏழு.

பாடுகிறவளைக் காற்று மேலே தூக்கிப் படியில் சேர்த்தது. அதே நேரம் கிணற்றிலிருந்து ஒரு கருப்புக் கை எழுந்தது. ஆக்னஸ் குறுக்கே பாய்ந்தாள். அவள் உருட்டிய பகடையில் இருபதுக்கு இருபது விழவில்லை, பதினொன்றுதான். கேடயம் இரண்டாகப் பிளந்தது, அவள் இடது கை இனி எதையும் பிடிக்காது. ஆனால் மூவரும் உயிரோடு மேலே வந்தார்கள். ஏழாம் அடுக்கை அன்று எட்டவில்லை. யாருக்கும் அதில் வருத்தமில்லை.

"இப்பத்தானுங்க நான் மந்திரவாதி மாதிரி இருந்தேன்" என்றான் கணேஷ். நெற்றியில் நிஜமாகவே வியர்த்திருந்தது. ஆக்னஸ் தன் தாளில் "இடது கை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். பெருமையாகத்தான்.

வேதவல்லி அந்த விதியைப் பதினோரு பக்கமாக எழுதி, செகந்திராபாத்தில் மாதாமாதம் கூடும் விளையாட்டுக்காரர்களிடம் கொண்டுபோனாள். அங்கே ஒருவர், "இது மந்திரவாதிக்குத் தண்டனை இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல. உங்க ஆட்டத்துல மந்திரம் என்ன விலைன்னு யாருக்கும் தெரியாது. என் ஆட்டத்துல மேஜைக்கே தெரியும். ஒரு சுற்று ஆடிட்டுச் சொல்லுங்க" என்றாள். அவர் ஆடினார். மாலை அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பதினோரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொண்டார்.

இப்போது நான்கு மேஜைகளில் அந்தக் கிண்ணம் இருக்கிறது. ஒரு மேஜையில் பொத்தானுக்குப் பதில் மிளகாய் வற்றல் போடுகிறார்களாம். வேதவல்லி வேறொன்றில் இறங்கியிருக்கிறாள்: காயத்தை ஆற்றும் மந்திரம் மிக மலிவாகக் கிடைக்கிறது, அதனால் யாரும் காயத்துக்குப் பயப்படுவதில்லை. மல்லாபூர் பேருந்தில் நின்றபடியே டிக்கெட்டின் பின்பக்கத்தில் எண்களைக் கிறுக்கிக்கொண்டு போகிறாள். இரண்டு முறை நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறாள்.