அது அசைவதைப் பார்க்கப் போன ஞாயிறு

எனக்கு ஞாயிறு லீவு கிடைப்பது ஆடிக்கொருக்கா ஆவணிக்கொருக்கா. அப்படிக் கிடைத்த ஒரு ஞாயிறு, மகள் என்னை வன்சென் மிருகக்காட்சிசாலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் அவள் 'பரெசூ' பற்றிப் பேச வேண்டும். மழைக்காட்டு மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பிராணி அது. பிரெஞ்சுக்காரர் அதற்குச் சோம்பேறி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அசைவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அன்று பின்னேரம் பொண்டியில் தெரிந்தவரின் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. அதற்கு முதல் லா சப்பலில் இறங்கி, மனைவி தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க வேண்டும். ஒரு ஓட்டத்தில் எல்லா மிருகங்களையும் காட்டி முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடிக் கூடத்துக்குள் ஊர் வெக்கை. உயரத்தில் ஒரு கொப்பில் பழைய கால்மிதி போல ஏதோ தொங்கியது. அதுதான் பரெசூ.

"எங்கட தேவாங்குதானே இது. பாத்தாச்சு, நட."

தேவாங்கு வேறு, இது வேறு என்று வழக்கம்போலப் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அது அசையவில்லை. தின்பது இலை, இலையில் சத்துக் குறைவு, தின்றது செமிக்கவே கிழமைக்கணக்காகும், ஓடித் திரிந்தால் அதற்குக் கட்டுப்படியாகாது என்று விளக்கினாள். மரத்தை விட்டு இறங்குவதே கிழமைக்கு ஒருக்கால், மலங்கழிக்க. மயிரில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடுமாம்.

"குடுத்து வைச்ச சீவன். நான் ஓடாட்டி எங்கட அடுப்பெல்லோ எரியாது" என்றேன்.

விடியமுன் அலுவலகங்கள் துடைக்கப் போகிறவன் நான். பிறகு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவி, மகள் படுத்த பிறகுதான் வீடு திரும்புவேன். சும்மா தொங்குவதைப் பார்க்கவும் ரிக்கெற் எடுத்திருக்கிறேனே என்று எரிச்சலாக வந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது என் தலை மகளின் தோளில் கிடந்தது. அவளுடைய சட்டையில் என் வாய்நீர். அவள் ஆடாமல் அசையாமல் இருந்தாள். பரெசூ அடுத்த மரத்தில் தொங்கியது.

"அசைஞ்சிட்டுது! எந்தக் கையை முதல் வைச்சது?"

தெரியாது, பார்க்கவில்லை என்று தலையாட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்கெண்டுதானே வந்தனாங்கள்! பிறகு என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீ?"

"உங்களை" என்றாள், தமிழில். "அப்பா நித்திரை கொள்ளுறதை நான் ஒருநாளும் கண்டதில்லை."