முதல் கோப்பை யாருக்கு?

1. கடை வழக்கம்

2009 தொடக்கத்தில் லண்டனில் ஒரு கியூபாக் கோப்பிக் கடையில் காலை ஷிப்டுக்குச் சேர்ந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் இருந்து பஸ்ஸில் போவேன். முதலாளி நேசன் அண்ணை, சுவிஸில் இருந்து வந்தவர். கடையை ஒரு கியூபாக்காரியிடம் வாங்கியிருந்தார்.

வேலை, சொல்லக் கேட்டால் சுலபம். மோக்கா பொட் என்ற சின்னக் கோப்பிக் கேத்திலில் தூளை நிரப்பலாம், அமத்தக்கூடாது. அடுப்பு மெல்லிய தீயில் இருக்க வேண்டும். முதலில் ஊறிவரும் கறுப்புத் துளிகளைச் சீனியில் விட்டு, வெளிறிய பசையாகும்வரை கரண்டியால் அடிக்க வேண்டும். மீதியை அதன்மேல் ஊற்றினால் பொன்னிற நுரை எழும்பும். மணிக்கட்டு நோகவில்லையா? அப்படியென்றால் நீங்கள் ஏமாற்றியிருக்கிறீர்கள்.

நாளின் முதல் கோப்பை விற்பனைக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு மரத்தட்டு இருந்தது. இறந்தவர்களுக்கென்று அந்தக் கோப்பையை அதில் வைக்க வேண்டும்.

"அந்த மனிசி இதைச் சொல்லித்தான் கடையைத் தந்தது. எங்கட படையல் மாதிரித்தானே, வையும் தங்கச்சி."

"ஆருக்கு அண்ணை?"

"ஊத்தேக்க ஆரை நினைக்கிறீரோ, அவைக்கு."

நான் அப்பாவை நினைத்து ஊற்றுவேன். அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததால் அரைக் கரண்டிதான் போடுவேன். செத்தவருக்கு என்ன பத்தியம் என்று அண்ணை பகிடி பண்ணுவார்.

2. ஏப்ரலில் ஒரு காலை

என் தம்பி ரவி, சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். இரண்டு மாதமாகப் போன் இல்லை. அன்று கடை இன்னும் திறக்கவில்லை. வழக்கம்போல நுரை அடித்து, ஊற்றி, தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணை சீனிப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டு கரண்டி போட்டனீர். சீனி வருத்தக்காரக் கொப்பருக்கே உது?"

மூன்று கரண்டி ரவியின் கணக்கு.

"தம்பியை நினைச்சிட்டன், அண்ணை."

"ஐயோ, எடும்! கெதியா எடும்!"

"வைச்சதை எடுக்கலாமோ?"

"எடுத்து நீரே குடியும். அவன்ர பேரில அது போகப்படாது."

அப்போதுதான் ஊற்றிய கோப்பி. கையில் எடுத்தபோது பிரிட்ஜில் வைத்த தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. நுரையில் ஒரு ஓரம், உதடு பட்ட அளவுக்கு, உடைந்திருந்தது. கதவு பூட்டியே கிடந்தது. நாங்கள் இருவரும்தான் உள்ளே. தட்டுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, அடிச்சீனிவரை குடித்தேன்.

3. கற்றுக்கொண்டது

பிறகு எத்தனையோ பேருக்கு இந்தக் கோப்பி போடப் பழக்கியிருக்கிறேன். கை வேலை செய்யும்போது மனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்பேன். அவர்கள் அதைத் தொழில் கவனம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ரவியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் செய்வோம் என்று வீட்டில் வருடாவருடம் கேட்கிறார்கள். என்னோடு கோபமும்கூட. நான் சம்மதிப்பதில்லை. தெரியாமல் ஒருமுறை அவனுக்குப் படைத்துவிட்டேன். தெரிந்து என்னால் முடியாது.