ஒச்சப்பனோட மூடாத கண்ணு

எங்க வீட்டுக்காரர் ஒச்சப்பனுக்குக் கைதான் முதல்ல பேசும். திண்டுக்கல் காய்கறி மண்டியில மூட்டை தூக்குற ஆளு. ஒரு தக்காளிப் பெட்டி சரிஞ்சாப் போதும், பக்கத்துல நிக்கிறவன் செவுளு பிஞ்சிரும். வீட்டுல நானும் மக பவித்ராவும் வாங்காத அடியில்ல.

அவருக்கு இடது காதுக்குக் கீழ கட்டி ஒண்ணு வந்துச்சு. வலியில்ல. பொன்னுக்கு வீங்கின்னு மாமியா முடிவுகட்டி, என் கழுத்துச் சங்கிலியைக் கழட்டி மகன் கழுத்துல மாட்டிவிட்டுச்சு. தங்கம் பட்டா வீக்கம் வடியும்னு எங்க பக்கத்துப் பழக்கம். பொன்னுக்கு வீங்கின்னா ஒரு வாரத்துல வடியணும்ல? இந்த மனுசன் வருசம் பூரா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. "என்ன மாப்ளே, இன்னொரு கல்யாணமா?"ன்னு கேலி பண்ணின மண்டிக் கூட்டாளி முனியப்பனுக்கு முன்பல்லு போச்சு. கட்டி போகல, கல்லாட்டம் இறுகிருச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்தப்புறந்தான் மதுரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்.

டாக்டரம்மா வினோலியா ஒளிக்காமச் சொன்னாங்க. "எச்சில் சுரப்பியில கேன்சர். ரொம்ப அபூர்வமா வர்றது. முகத்தை அசைக்கிற நரம்பு அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. நரம்பையும் சேத்துத்தான் வெட்டி எடுக்கணும். அப்புறம் இடது கண்ணு தானா மூடாது. எடுக்காம விட்டா உசுரு போயிரும்."

"கோண மூஞ்சியோட மண்டிக்குப் போறதுக்குச் செத்துரலாம்"னு மேசையைப் பொரட்டிவிட்டு, தடுக்க வந்த காவலாளியைச் செவுத்தோட வச்சு நெரிச்சாரு. எனக்கு எங்கிருந்துதான் ஆங்காரம் வந்துச்சோ, ஓங்கி ஒரு அறை விட்டேன். கட்டியில்லாத பக்கந்தான். "சாகுறதுன்னா எங்களை அடிக்கிறதுக்கு முன்னாடியே செத்திருக்கணும். இப்பப் போயிப் படுங்க"ன்னேன். போயிப் படுத்தாரு.

கட்டி, நரம்பு, கழுத்து நெறி எல்லாத்தையும் அறுத்து எடுத்து, பொறவு மிச்சத்தைக் கருக்குறதுக்குக் கதிர் பாய்ச்சுற கரண்டும் வச்சாங்க. உசுரு நின்னுச்சு. இடது கண்ணு தெறந்தே கிடக்கு. சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும், காய்ஞ்சா பார்வை போயிரும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. அவரு விட்டா மருந்து கன்னத்துலதான் வழியும். நாந்தான் விடுறேன்.

இன்னைக்குக் காலையில வெஞ்சனத்துல உப்பு கூடிப்போச்சுன்னு பவித்ராவை அறைஞ்சுட்டாரு. முன்னெல்லாம் கை ஓங்குறதுக்கு முன்னாடி இடது கன்னம் துடிக்கும், புள்ளை ஓடிரும். இப்ப அந்தப் பக்கம் செத்துக் கிடக்கு. அடி விழுந்தப்புறந்தான் தெரியுது.

மருந்துச் சீசாவை இடுப்புல சொருகிக்கிட்டேன். மத்தியானத்துக்குள்ள கண்ணு மொளகாயாச் செவந்துருச்சு. "ஊத்து புள்ள, எரியுது"ன்னு வந்து நிக்கிறாரு.

"இனிமே கை வைக்க மாட்டேன்னு பவித்ரா தலையில சத்தியம் பண்ணுங்க, ஊத்துறேன்."

கையை ஓங்குறாரு. நான் நகரல. ஓங்குன கை அப்படியே நிக்குது. புள்ளை கன்னத்துல இன்னும் விரல் தடம் இருக்கு. கண்ணு போனாப் போகட்டும்னு நானும் நிக்கிறேன்.