கல்லைச் சுற்றிப் போட்ட தரை

என் கணவர் இருபத்திரண்டு வருடங்களாக லண்டன் வீடுகளுக்கு மரத்தரை போட்டவர். கிங்ஸ்பரியிலும் சவுத்தாலிலும் அவர் போட்ட தரைகளில் இன்றைக்கும் ஆட்கள் நடந்து திரிகிறார்கள். பிளேஸ்டோவில் எங்கள் சொந்த வீட்டு முன்னறையில் மட்டும் வாங்கியபோது கிடந்த அதே பழைய கார்பெட். அதற்காக நான் அவரைக் குத்திக் காட்டாத வருடமில்லை. நல்ல ஓக் பலகைகள் வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கியும் நாலு வருடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் "இண்டைக்குத் தொடங்குவமோ?" என்று கேட்பேன். "கொஞ்சம் இருக்க விடுமப்பா" என்பார். சோம்பல் என்றே நினைத்தேன்.

பிறகு அவருடைய வலது முழங்காலை மாற்ற வேண்டி வந்தது. சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இனி முழந்தாளில் நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கொண்டு கருவிப் பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைப்பித்தார்.

மூன்றாவது மாதம் முன்னறை ரேடியேட்டர் ஒழுகியது. கார்பெட் நனைந்து நாறத் தொடங்கியது. சுருட்டி வெளியே போட்டோம். அவரோடு முன்பு வேலை செய்த ஒருவரைக் கூப்பிடலாம் என்றேன்.

"என்ர வீட்டுக்கு வேற ஆள் வந்து தரை போடுறதோ?"

"அப்ப ஆர் போடுறது?"

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நான் போடுறன். நீங்கள் கதிரையில இருந்து சொல்லுங்கோ" என்றேன்.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஜன்னல் பக்கமிருந்து தொடங்கினோம். ஒரு பலகையின் விளிம்பை மற்றதன் பள்ளத்தில் செருகி, கட்டை வைத்துத் தட்ட வேண்டியதுதான். கடினமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் மத்தியானத்துக்குள் என் முழங்கால்கள் இரண்டும் நெருப்பாக எரிந்தன. மாலையில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் மாடி ஏறினேன். ஒரு நாளைக்கே இப்படி. வேலை முடிந்து வந்து அந்த மனிதர் சோபாவில் சாய்ந்த எத்தனை பின்னேரங்களில் நான் குப்பைப் பையைக் கையில் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் ஃபயர்பிளேஸுக்கு வந்து சேர்ந்தோம். அதில் நாங்கள் நெருப்பு மூட்டுவதில்லை. அதன் முன்னால் கருங்கல் பாளமொன்று தரையோடு பதித்திருக்கிறது. பலகைகள் அந்தக் கல்லின் முன்புறமாக ஓடி, இரண்டு மூலைகளிலும் கல்லுக்கு ஏற்ப வெட்டப்பட்டுச் சுவர்வரை போக வேண்டும்.

"ஆக்கள் வந்தால் முதல் பாக்கிறது இந்த மூலையைத்தான்" என்றார். நான் டேப்பை நீட்டினேன். "டேப்பை நம்பாதையும். பழைய வீடு, கல்லு கோணல். மட்டையில வெட்டிப் பாரும்."

சீரியல் பெட்டி ஒன்றைக் கிழித்து, மூலையின் வடிவத்துக்குப் பொருந்தும்வரை கத்தரித்தேன்.

"கல்லோட ஒட்ட வைக்காதையும். மரம் ஊதும், சுருங்கும். சின்ன விரல் அகலம் இடம் விடும். பலகையைக் குப்புறப் போட்டு வெட்டும், இல்லாட்டி மேல்பக்கம் சிலும்பும்."

சொன்னபடியே செய்தேன். பலகையைக் குப்புறப் போட்டேன், மட்டையை வைத்துக் கோடு கீறினேன், ஜிக்சோ மின்வாளால் வெட்டினேன். நிமிர்த்திக் கொண்டுபோய் வைத்தால், வெட்டு மற்றப் பக்கத்தில் இருந்தது. இடது மூலைக்கு வேண்டியது வலது மூலைக்கு வந்துவிட்டது. கல் கோணல் என்பதால் அங்கேயும் பொருந்தவில்லை. நீளமான பலகை இன்னும் இரண்டே இரண்டுதான் மிச்சம்.

ஏசப் போகிறார் என்று பார்த்தேன். அவர் பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிழை என்னில. பலகையைப் பிரட்டச் சொன்னன், மட்டையையும் பிரட்டச் சொல்லேல்லை." பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு காலமும் கை தன்ரபாட்டில செய்தது. வாயால சொல்லத் தெரியேல்லை" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முழங்கால் இப்பிடி நோகுமெண்டு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன? நீரும் விடிய எழும்பிப் போய் அத்தனை பிள்ளையளுக்குச் சமைச்சிட்டுத்தானே வாறனீர்."

அப்படிச் சொல்லிக்கொண்டே ஃபயர்பிளேஸின் மேல்தட்டைப் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். நான் கத்தினேன்.

"முழந்தாளில நிக்கக் கூடாதெண்டுதானே சொன்னவை. தரையில இருக்கக் கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

வலது காலை நீட்டி உட்கார்ந்தபடி ஜிக்சோவை வாங்கினார். நான் பலகையை அமத்திப் பிடித்தேன். இடது மூலை ஒரே தரத்தில் போய் உட்கார்ந்தது. "மற்றது உம்மட" என்று ஜிக்சோவை என்னிடம் தந்தார். இம்முறை மட்டையையும் பிரட்டினேன். அவருடையதைப் போல இழைந்து போகாவிட்டாலும் அது பொருந்தியது.

அதன் பிறகுதான் அவரால் எழும்ப ஏலாது என்பது தெரிந்தது. கதிரையைப் பிடித்து ஊன்றப் பார்த்தார். புதுத் தரையில் கதிரை வழுக்கிக்கொண்டு போனது. நான் தூக்கிப் பார்த்தேன், என் முழங்கால் விடவில்லை. கடைசியில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கனநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

எங்களோடிருக்கும் மகள் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் மரத்தூளுக்கு நடுவில் இருந்தோம்.

"அப்பா! ஆர் யூ சீரியஸ்? அம்மா, நீங்களுமா?"

ஏசிக்கொண்டே அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிடித்து அவரைச் சோபாவில் ஏற்றினோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் பிறகு குனிந்து அந்த மூலையில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "நீட்டா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

மறுநாள் கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் விட்ட இடத்தில் கோர்க் தக்கைப் பட்டியை அழுத்தி முடித்தேன். என் மூலையில் இடைவெளி சற்று அகலம். திருத்தித் தரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது அவர் தரைப் பலகை விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறார். வீடு வீடாகப் போய் அளவெடுத்துக் கொடுப்பது. முதல் வாரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார், ஒரு தூசியில்லை. "வேலை செய்த மாதிரியே இல்லையப்பா" என்று கவலைப்பட்டார். பழகிவிடும் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வருகிறார்.