உறை பிரிக்காத பன்னிரண்டு பெல்ட்டுகள்

மலேசியாவில், குளுவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த குத்தகையாளரிடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஸ்டோர் என்பது ஒரு பழைய கன்டெய்னர். அதன் சாவி எப்போதும் என் கழுத்தில் தொங்கும். ஓர் ஆணி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். அந்தச் சாவியால் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மேல்தட்டில் பன்னிரண்டு சேப்டி பெல்ட்டுகள் இருந்தன. உயரத்தில் ஏறுகிறவர்கள் மாட்டிக்கொண்டு கொக்கியைக் கம்பியில் கோர்க்க வேண்டியவை. அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது புத்தம் புதிதாக இருக்க வேண்டும், அதுவரை யாருக்கும் கொடுக்காதே என்பது முதலாளியின் உத்தரவு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டுப்புடவையைப் போல, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

கூரை ஆட்களில் ஓர் அண்ணன், ஐம்பதை நெருங்கியவர். எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்தவர். ஒரு நாள் காலை, மழை விட்டதும் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"தகரம் வழுக்குதும்மா. ஒரு பெல்ட்டு குடேன்."

"புதுசுண்ணே, அழுக்காயிடும். பாஸ் ஏசுவாரு லா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வற்புறுத்தவில்லை. தேநீர் நேரத்துக்கு முன்பே, வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்திருந்த பிளாஸ்டிக் தகடு உடைந்து கீழே விழுந்தார். இடுப்பு எலும்பும் வலது காலும் முறிந்தன.

ஆம்புலன்ஸ் போன பிறகு முதலாளி ஸ்டோருக்கு வந்தார். மறுநாள் பாதுகாப்பு அதிகாரிகள் வருவார்கள், பெல்ட்டுகள் தினமும் உபயோகித்ததாகத் தெரிய வேண்டும் என்றார். அவர் அதை விளக்கவே தேவையில்லை. தினமும் பெல்ட் கொடுத்தோம், அந்த ஆள்தான் போடவில்லை என்று பழியை அண்ணன் தலையிலேயே கட்டப் போகிறார்கள். அது தெரிந்தும் உறைகளைப் பிரித்தேன். கன்டெய்னருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செம்மண் சேற்றில் போட்டுத் தேய்த்தேன். காலையில் அழுக்காகிவிடும் என்று யாருக்குக் கொடுக்க மறுத்தேனோ, அவருக்கு எதிராகவே அவற்றை அழுக்காக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது பெல்ட்டில் அழுகை வந்தது. பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் வந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. ஒரு பெல்ட்டை எடுத்து மடிப்பை இழுத்துப் பிரித்தார். மேலே சேறு, மடிப்புக்குள் வெள்ளை வெளேரென்று புதுத்துணி. பிறகு என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண் இருந்தது. நேற்று இதை யாருக்குக் கொடுத்தாய் என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். யாருக்குமே கொடுத்ததில்லை என்றேன். சேற்றில் தேய்த்ததையும் சொன்னேன்.

வழக்கு நீதிமன்றம் வரை போய்க் குத்தகையாளருக்கு அபராதம் விழுந்தது. எனக்கு வேலை போனது. தைரியசாலி என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். ஆனால் அண்ணன் அன்று காலையில் வந்து பெல்ட் கேட்டதை மட்டும் நான் எந்த வாக்குமூலத்திலும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன?

மனசு பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கலக்கிக் கொடுத்த மைலோ பானத்தைக் கையில் வைத்துக்கொண்டே, நீங்கள் கேட்டதை நான் மறைத்துவிட்டேன் என்று சொல்லி முடித்தேன்.

அவர் வலது காலை நீவிக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து என்னையும் கேட்டாங்கம்மா, பெல்ட்டு கேட்டியான்னு. கேக்கலன்னு சொல்லிட்டேன். உனக்கும் பிள்ளைங்க இருக்குல்ல."